பத்து லட்சத்தில் மூன்று

ரிஸ்வானாவுக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. தன் நிக்காஹ்வில் காஜியார் தும்மியபோது ஆரம்பித்து, பிரியாணி பரிமாறி முடியும்வரை முக்காட்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தவள் அவள். வேலையில் சேர்ந்த பிறகும் அது விடவில்லை. ஒருமுறை டெல்லியிலிருந்து வந்த உயர் அதிகாரி மாடுகளின் ஏப்பத்தைப் பற்றி அரை மணி நேரம் முகம் மாறாமல் பேசினார். ரிஸ்வானா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அதன் பிறகு அவளுடைய பணிக் கோப்பில் ஒரு வரி ஏறியது: 'கூட்டங்களில் அடக்கம் தேவை.'

மற்றபடி தேசியக் காற்றுப் புள்ளியியல் வாரியத்தின் சென்னை அலுவலகத்தில் அவளைவிடக் கெட்டிக்காரப் புள்ளியியலாளர் கிடையாது. அது 2061ஆம் வருஷம். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பெல்லாம் நாடு எவ்வளவு புகை விடுகிறது என்று எழுதுவது பெரும்பாலும் பெருக்கல்தான். எத்தனை டன் நிலக்கரி எரிந்தது, எத்தனை மூட்டை யூரியா விற்றது, எத்தனை மாடு நிற்கிறது என்று கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கி, கூட்டி, ஐ.நா. சபைக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு மூக்கன் வந்தான். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. தெருவிளக்குக் கம்பம்தோறும் ஒன்று. என்ன வாயு, எவ்வளவு, எந்த முகவரியிலிருந்து என்று மூன்றையும் சொல்லிவிடுவான். அவனுக்கு நீளமாக ஓர் அரசாங்கப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை.

மூக்கனுக்குப் பின்னாலேயே சட்டமும் வந்தது. வரம்பைத் தாண்டிய இடம் எதுவானாலும், தேசியப் பட்டியலில் ஏறிய முப்பதாவது நாள் மூடப்படும். மேல்முறையீடு இல்லை. எண்ணோடு போய் யார் வாதாடுவது?

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புதிதாக மூக்கன் மாட்டிய ஊர்களின் முதல் நாலு மாதக் கணக்கு ஏறியபோது, தமிழ்நாட்டு வரைபடத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. ரிஸ்வானா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இயக்குநர் ஞானப்பிரகாசத்தின் அறைக்குப் போனாள். அவர் எண்களை மனிதர்களைவிட மரியாதையாக நடத்துகிறவர். பூஜ்ஜியத்தைக்கூட "அது" என்று சொல்லாமல் பெயர் சொல்லித்தான் அழைப்பார்.

"சார், மஞ்சணத்திப்பேட்டைன்னு ஒரு ஊர். நாப்பதாயிரம் பேர்தான். நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் வருஷத்துக்கு நூத்தி எண்பது டன் வேகத்துல போயிட்டிருக்கு."

"நைட்ரஸ் ஆக்சைடா? ஒரு கிலோ விட்டா, கரியமில வாயு இருநூத்தி எழுபத்து மூணு கிலோ விட்டதுக்குச் சமமாச்சே! எங்கேர்ந்து?"

"கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி, சார். அப்புறம் அதுக்கு இன்னொரு பேர் உண்டு. சிரிப்பு வாயு." சொல்லும்போதே அவளுக்கு உதடு துடித்தது.

ஞானப்பிரகாசம் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மாவட்ட சுகாதாரத் துறையிலிருந்து வந்தது. மஞ்சணத்திப்பேட்டை மக்கள் நாலு மாதமாகக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் சிரிக்கிறார்கள், வங்கியில் சிரிக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு துக்க வீட்டில் சிரித்திருக்கிறார்கள். காவல் நிலையத்துக்கு மூன்று மாதமாக ஒரு புகாரும் வரவில்லை. ஒருவர் புகார் கொடுக்க வந்து, பாதி எழுதிவிட்டுச் சிரித்தபடியே எழுந்து போய்விட்டாராம்.

ரிஸ்வானா கடிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். காகிதம் ஆடியது.

"ரெண்டு கேள்வி" என்றார் ஞானப்பிரகாசம், காகிதம் அடங்கும்வரை காத்திருந்து. "வாயு ஏன் இவ்வளவு வருது? ஊர் சிரிக்கிறது அதனாலயா? ரெண்டாவது கேள்விக்கு ஆமான்னு நீங்க எழுதினா முப்பது நாள் அவகாசம்கூடக் கிடையாது. அன்னைக்கே தொட்டியைப் பூட்டி, சுத்தியிருக்கிற நாலு தெருவைக் காலி பண்ணிடுவாங்க. ஒரு வாரத்துல பதில் வேணும்."

"நானா சார் போகணும்?"

"வேற யாரை அனுப்பினாலும் சிரிச்சுக்கிட்டே திரும்பி வருவாங்க. நீங்க எப்படியும் சிரிக்கிறவங்க. வித்தியாசம் தெரியாது."

அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. லிஃப்டில் தனியாக இறங்கும்போது அந்தச் சந்தேகத்துக்காகவும் சேர்த்துச் சிரித்தாள்.

மஞ்சணத்திப்பேட்டை பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மூக்கனின் பலகை. வாரியம் எல்லா ஊரிலும் வைத்திருப்பதுதான். அந்தந்த ஊர்க் காற்றில் என்ன இருக்கிறது என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். பலகையில் தூசி பச்சை, புகை பச்சை, கந்தகம் பச்சை. கடைசி வரி மட்டும் ரத்தச் சிவப்பில்: சிரிப்பு வாயு — வரம்பு மீறியது.

பலகைக்குக் கீழே பெஞ்சில் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக ஒரு பெரியவர், பக்கத்தில் நடுத்தர வயதுப் பெண். பெரியவர் கோபமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்க போச்சு குடை? பஸ்ஸுல விட்டுட்டு வந்துட்டியா?"

"உங்க கக்கத்துலதான் இருக்கு மாமா" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு, பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பெரியவர் குடையைப் பார்த்தார். ரிஸ்வானாவைப் பார்த்தார். வெளியூர்க்காரி என்று தெரிந்ததும், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வாயு" என்று பலகையைக் கம்பீரமாகக் காட்டினார். பிறகு அவர் தோளும் குலுங்க ஆரம்பித்தது. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிதம்பரநாதன் என்றும், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒருவரையும் சிரிக்க விடாதவர் என்றும் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். சொல்லும்போது அவரும் சிரித்தார்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கு டீக்கடைக்காரரிடம்தான் வழி கேட்டாள்.

"முந்தியெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டே நடந்தா வந்து சேர்ந்திருவீக. இப்ப வாடையே இல்ல பாத்தீகளா, வழி கேட்டுத்தான் போகணும்!"

அது அப்படியொன்றும் பெரிய நகைச்சுவை இல்லை. ஆனால் கடையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள், ரிஸ்வானா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். டீ புரையேறியது. ஒருவரும் அவளை ஒரு மாதிரி பார்க்கவில்லை. முப்பத்துநாலு வயதில் அது அவளுக்குப் புதிது. தெருவில் நடந்தபோது கால் தரையில் பாவவில்லை. இதுதான் வாயுவின் வேலையா, இப்படியா இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததே சிரிப்பாக இருந்தது.

சுத்திகரிப்பு நிலையத்தில் யாரும் சிரிக்கவில்லை. சேலைக்கு மேல் காக்கிச் சட்டையும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் போட்ட ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வால்வைத் திருகிக்கொண்டிருந்தாள். பெயர் முப்பிடாதி. நகராட்சியின் தற்காலிக ஊழியர். தொட்டியை ஓட்டுவது, துடைப்பது, காவல் காப்பது எல்லாம் அவள்தான்.

"மூடுறதுக்கு வந்திருக்கீகளா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"அளக்க வந்திருக்கேன் அக்கா."

"அளந்துட்டுத்தானே மூடுவாக."

முப்பிடாதி வால்வை விட்டுவிட்டு, தொட்டிக்கு அந்தப் பக்கம் தெரிந்த குளத்தைக் காட்டினாள். அல்லி பூத்திருந்தது.

"மூணு வருஷத்துக்கு முன்ன அது குளமில்ல, சாக்கடை. வடக்குத் தெருக் கழிவு தெற்குத் தெருவுக்குள்ள ஓடும். மழைக்காலம் வந்தா எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கும். என் அக்கா மகளுக்கு அஞ்சு வயசு. வயித்தால போயே செத்துப்போனா. அதுக்கப்புறம்தான் பொம்பளைக எல்லாம் நகராட்சி வாசல்ல போய் நாப்பது நாளு உக்காந்தோம். இந்தத் தொட்டி வந்துது. இப்போ ரெண்டு தெருவுக்கும் ஒரே குழாய். மூடுனா திரும்பவும் எங்க தெருவுக்குள்ளதான் வரும், மேடம். அதையும் அளந்து எழுதுங்க."

ரிஸ்வானா தோள்பையிலிருந்து கைமூக்கனை எடுத்தாள். தொட்டியின் மேல்மூடியைத் திறந்து நீட்டினாள். எண் ஏறியது. வாயு இங்கிருந்துதான் வந்தது, சந்தேகமே இல்லை. இரண்டு நாள் அவள் மாதிரி எடுத்தாள், பழைய பதிவுகளைப் பார்த்தாள், குனிந்து குனிந்து மோந்தாள். மூன்றாம் நாள் தொட்டிக்கரையில் உட்கார்ந்து முப்பிடாதிக்கு விளக்கினாள்.

"கழிவை இந்தத் தொட்டிக்குள்ள இருக்கிற நுண்ணுயிருங்கதான் படிப்படியா உடைக்குது அக்கா. கடைசிப் படியில வெறும் நைட்ரஜனா மாறிடும். அது நல்லது, நாம சுவாசிக்கிற காத்துல முக்கால்வாசிக்கு மேல அதுதான். அதுக்கு முந்தின படி இருக்கே, அதுதான் சிரிப்பு வாயு. இங்கே உள்ளதுங்க அந்தப் படியிலேயே நின்னுடுது."

"ஏன் நிக்கி?"

"பசி. அதுங்க சாப்பிட மாவுச்சத்து மாதிரி ஏதாவது வேணும். உங்க ஊர்க் கழிவுல அது பத்தல. அரை வயித்தோட வேலையைப் பாதியில போட்டுட்டுப் போயிடுது."

"நகராட்சித் தற்காலிக ஊழியர்னு சொல்லுங்க" என்றாள் முப்பிடாதி. ரிஸ்வானா அந்தத் தொட்டிக்கரையில் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். முப்பிடாதியின் வாயோரமும் கொஞ்சம் இளகியது. பிறகு அவள் எழுந்து நின்று தெரு முனையைப் பார்த்தாள்.

"கஞ்சி ஊத்துனா குடிக்குமா?"

"என்னது?"

"அந்தா இருக்கு பாருங்க நெல் அவிக்கிற மில்லு. நெல்லு ஊற வச்ச தண்ணி கொழகொழன்னு ஒரு நாளைக்கு நாலு லாரி. எங்க கொட்டன்னு தெரியாம அவனும் முழிக்கான். அதைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டா?"

ரிஸ்வானா காகிதத்தில் கணக்குப் போட்டாள். ஒருமுறை போட்டாள், நம்பாமல் இன்னொரு முறை போட்டாள். பிறகு காகிதத்தை மேலே எறிந்துவிட்டு முப்பிடாதியைக் கட்டிப்பிடித்தாள். ரப்பர் பூட்ஸில் இருந்த சேறெல்லாம் அவள் சுடிதாரில். முதல் கேள்வி முடிந்தது.

இரண்டாவது கேள்விதான் உறுத்தியது. மனிதனுக்குத் தலை கிறுகிறுத்துச் சிரிப்பு வரவேண்டுமானால், அவன் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு இருபது பங்காவது இந்த வாயு இருக்க வேண்டும். மஞ்சணத்திப்பேட்டைத் தெருக்களில் இருந்தது பத்து லட்சத்தில் மூன்று. அந்த அளவில் ஓர் எறும்புகூடப் புன்னகைக்காது. காற்று குளத்துப் பக்கம் வீசிய நாட்களில் ஊருக்குள் அதுவும் இல்லை. அந்த நாட்களிலும் ஊர் சிரித்திருந்தது. இன்னும் ஒன்று: நிலையத்தின் பழைய பதிவுகளின்படி, தொட்டி திறந்த நாளிலிருந்தே வாயு வந்துகொண்டிருந்தது. இரண்டே முக்கால் வருஷம் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு ஆரம்பித்தது நாலு மாதத்துக்கு முன்பு, பேருந்து நிலையத்தில் பலகை மாட்டிய அதே வாரத்தில்.

"தெரியும்" என்றாள் முப்பிடாதி, ரிஸ்வானா இதைச் சொன்னபோது.

"தெரியுமா?"

"இந்த மூடிக்கு மேல நின்னுதானே இத்தனை நாளும் வேலை பாக்கேன். வாயுவுல சிரிப்பு வரும்னா மொத ஆளா எனக்குல்லா வரணும்? ஒருநாளும் வந்ததில்ல. பலகையில சிரிப்பு வாயுன்னு வாசிச்ச அன்னைக்குத்தான் வந்துது." அவள் பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டாள். "மேடம், இந்த ஊர்ல ஒரு பொம்பள பல்லுத் தெரியச் சிரிச்சா, எதுக்குச் சிரிச்சேன்னு கேக்க ஒரு ஆளு இருப்பான். வீட்டுல மாமனாரு, கடையில முதலாளி, ஆபீஸுல ஆணையர். எங்க தெருக்காரி வடக்குத் தெருவுல சிரிச்சா அது சண்டையிலதான் போய் முடியும். பலகை வந்த பொறவு ஒருத்தனும் கேக்கல. கேட்டா விரலை நீட்டிப் பலகையைக் காட்டிருவோம். அவ்வளவுதான், மாமனாரும் சேந்து சிரிக்காரு. அவருக்கும் எத்தனை வருஷத்து ஆசையோ." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வாயு இல்லன்னு எழுதிராதீக."

"வாயுன்னு எழுதினா அன்னைக்கே தொட்டியைப் பூட்டிடுவாங்க அக்கா."

"அதுவும் தெரியும்" என்றாள் முப்பிடாதி.

ரிஸ்வானா அன்று முழுவதும் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு நாளாகத் தானும் அந்த வாயுவின் தயவில் சிரித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். இனி அந்தச் சாக்கு அவளுக்கும் இல்லை. மாலையில் எழுதினாள்: 'வாயு உண்மை. நெல் மில் நீரைச் சேர்த்தால் முப்பது நாளுக்குள் குறையும். ஊர்மக்களின் சிரிப்புக்கு வாயு காரணமல்ல.' சென்னைக்கு ஒரு பிரதி, நகராட்சி ஆணையருக்கு ஒரு பிரதி.

அளவு பார்க்க ரிஸ்வானா ஊரிலேயே தங்கினாள். குழாய் பதிக்க ஊரே வந்தது. மில்காரர் மண்வெட்டியோடு வந்தார். நெல் ஊறிய தண்ணீர் தொட்டிக்குள் விழுந்த முதல் நாள், நுண்ணுயிர்களுக்கு விருந்து என்று யாரோ மேளம் கொண்டுவந்துவிட்டார்கள். வடிகஞ்சி, இட்லி மாவு கழுவிய தண்ணீர், கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பாயசம் என்று வீட்டுக்கு வீடு குடத்தில் வந்தது. பாயசத்தை மட்டும் முப்பிடாதி அனுமதிக்கவில்லை. அதை அங்கேயே உட்கார்ந்து எல்லாரும் குடித்தார்கள்.

பட்டியலில் ஏறிய இருபத்திரண்டாம் நாள் காலை, பத்து மணிக்குப் பேருந்து நிலையப் பலகையின் கடைசி வரி ஒருமுறை மின்னியது. மஞ்சளானது. பிறகு பச்சை.

தகவல் தெரிந்து கூட்டம் கூடியிருந்தது. கைதட்டல் வந்தது. தொட்டி தப்பித்தது. ஆனால் கைதட்டல் ஓய்ந்ததும் யாரும் கலையவில்லை. எல்லாரும் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். சிதம்பரநாதனின் மருமகள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய் நின்றாள்.

தான் அறிக்கையில் எழுதியதை இவர்கள் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ள விடக்கூடாது என்று ரிஸ்வானாவுக்குத் தோன்றியது. பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். சிவப்பா இருந்தப்பவும் அந்த வாயு உங்களைச் சிரிக்க வைக்கல. அதுக்குப் பத்தவே பத்தாது. பத்து லட்சத்துல மூணு பங்கு. நாலு மாசமா நீங்க சிரிச்சதெல்லாம் உங்க சொந்தச் சிரிப்பு."

சிதம்பரநாதன் மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"அப்போ குடைக்கு நீ சிரிச்சது..."

"ஆமா மாமா."

"வேட்டியை உள்பக்கமா கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனேனே, அன்னைக்கு?"

"உங்களைப் பாத்துத்தான் மாமா." அவள் குரல் நடுங்கியது. தலை குனியவில்லை.

பெரியவர் வேட்டி மடிப்பை ஒருமுறை குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது. "நானும் ஒண்ணு சொல்லிருதேன்" என்றார் கடைசியில். "நீ பாடும்போதெல்லாம் வாயு வாயுன்னு எந்திரிச்சுப் போவேனே... அதுவும் வாயு இல்ல."

முதலில் சிரித்தது அவள்தான். அதன்பின் யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று மூக்கனாலும் முகவரி சொல்லியிருக்க முடியாது. பத்தரை மணி பேருந்து வந்து நின்று, ஏற ஆளில்லாமல், ஓட்டுநரும் நடத்துநரும் இறங்கிவந்து என்ன என்று கேட்டு, அவர்களும் சிரித்தார்கள்.

எல்லா வீட்டிலும் அப்படி முடியவில்லை. சில மாமனார்கள் அன்றே கணக்குக் கேட்டார்கள். சந்தைப்பேட்டை ஜவுளிக்கடையில் இரண்டு பெண்களை நிறுத்திவிட்டார்கள். நாலாம் நாள் முப்பிடாதியின் கைக்கும் ஒரு காகிதம் வந்தது. குற்றச்சாட்டு: மே மாதம் நடந்த தொட்டியின் ஆண்டுவிழாவில் மேலதிகாரியான நகராட்சி ஆணையர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது, அவரை நோக்கி நாலு நிமிடம் இடைவிடாமல் சிரித்தது. ஏன் பணியிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தேவை. சிரித்ததற்கு வாயு காரணமல்ல என்பதற்கு ஆதாரம்: ரிஸ்வானாவின் அறிக்கை, பக்கம் மூன்று.

சென்னைக்குத் திரும்பியிருந்த ரிஸ்வானாவிடம் முப்பிடாதி அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "அன்னைக்கு ஆணையரும் வாயு வாயுன்னு சொல்லி எங்ககூடச் சேந்துதான் சிரிச்சாரு. நீங்க உள்ளதை எழுதுனீக. அதுல தப்பில்ல. வேலைதான் போயிரும் போல."

ரிஸ்வானா ஞானப்பிரகாசத்திடம் விடுப்புக் கேட்டாள். முப்பிடாதிக்கு வந்த காகிதத்தின் நகலை அவர் முழுக்க வாசித்தார். "விடுப்பு எதுக்கு? நம்ம அறிக்கையைச் சாட்சியா வச்சிருக்காங்க. சாட்சி சொல்லப் போறது அலுவல்" என்றார். அதை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "பக்கம் மூணுல என்ன எழுதியிருக்கீங்களோ அதுக்கு மேல ஒரு சொல் சொல்லாதீங்க. கீழேயும் வேண்டாம்" என்றார்.

விசாரணை மாவட்டத் தலைநகரில், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, பழைய கட்டடம் ஒன்றில் நடந்தது. விசாரணை அதிகாரி ஹெப்சிபா. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நெற்றியில் நிரந்தரமாக ஒரு சுருக்கம். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அவர் ஒருவரையும் சும்மா விட்டதில்லை என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். ஒரு பக்கம் ஆணையர், புது சஃபாரி சட்டையில். எதிர்ப்பக்கம் முப்பிடாதி, இருக்கிறதிலேயே நல்ல சேலையில். காக்கிச் சட்டை இல்லாமல் அவள் சின்னதாகிவிட்டது போல் இருந்தாள்.

"நீங்கள்தான் புள்ளியியலாளரா?" என்றார் ஹெப்சிபா. "சுருக்கமாகச் சொல்லுங்கள். இந்த ஊழியர் சிரித்தது வாயுவினாலா, இல்லையா?"

"தெரியாதுங்க மேடம்."

ஆணையர் எழுந்துவிட்டார். "பக்கம் மூணுல இவங்களே எழுதியிருக்காங்க, வாயு காரணமில்லைன்னு!"

"ஊர்மக்களின் சிரிப்புக்குன்னு எழுதியிருக்கேன் சார். நாப்பதாயிரம் பேரைச் சேர்த்து, நாலு மாசத்தைச் சேர்த்துச் சொன்னது. அதை யார் கேட்டாலும் எங்கே கேட்டாலும் சொல்லுவேன்." ரிஸ்வானா அறிக்கையைப் பிரித்து மேஜையில் வைத்தாள். "மூக்கன் தெருவை அளக்கிறான். ஒரு ஆளோட மூக்குக்குள்ள, ஒரு குறிப்பிட்ட நிமிஷத்துல என்ன போச்சுன்னு அளக்கிற கருவி நம்ம நாட்டுல கிடையாது. அதுக்குப் பட்டியலும் கிடையாது. ஒரு பொம்பளை ஒருநாள் ஏன் சிரிச்சான்னு கேட்டா, புள்ளியியல் துறைக்கு அதுல சொல்ல ஒண்ணுமில்லை. மஞ்சணத்திப்பேட்டையில எந்த ஒரு ஆளைக் காட்டி நீங்க கேட்டாலும் என் பதில் இதுதான்."

ஹெப்சிபா அதை எழுதிக்கொண்டார். பேனாவை மூடவில்லை.

"அப்படியானால் சூழ்நிலையைத்தான் பார்க்க வேண்டும். ஆணையர் அவர்களே, இவர் சிரிக்க ஆரம்பித்தபோது நீங்கள் மேடையில் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?"

"அது... பொதுவான உரைதான் மேடம்."

"வாக்கியம் வேண்டும். பதிவு செய்ய வேண்டும்."

ஆணையர் சட்டைக் காலரைத் தளர்த்தினார். "என்னுடைய உழைப்பைப் பத்திச் சொன்னேன். இந்தத் திட்டத்துக்காக... மூன்று ஆண்டுகளாக, இரவு பகல் பாராமல், நான் இந்தத் தொட்டிக்குள்ளேயேதான் மூழ்கிக் கிடந்தேன்னு சொன்னேன்."

ஹெப்சிபா எழுதிக்கொண்டே வந்தவர் 'தொட்டிக்குள்ளேயே' என்ற இடத்தில் நின்றார்.

"கழிவுநீர்த் தொட்டிக்குள்ளேயா?"

"உருவகமாகச் சொன்னது மேடம்."

"அவரு தொட்டிப் பக்கம் வந்ததே ரெண்டு தடவைதான்" என்றாள் முப்பிடாதி. அந்த அறையில் அவள் பேசியது அது ஒன்றுதான். "ரெண்டு தடவையும் கார்க் கண்ணாடியை இறக்கல."

ஹெப்சிபாவின் நெற்றிச் சுருக்கம் அப்படியே இருந்தது. பேனா பிடித்த கைதான் முதலில் ஆடியது. பிறகு தோள். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்க முடியாமல் கீழே வைத்தார், கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். கோப்புக்குப் பின்னாலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் சுருக்கெழுத்தர் விசைப்பலகை மேல் கவிழ்ந்துவிட்டார். ரிஸ்வானா கைக்குட்டையைத் தேடவில்லை, வெளியே ஓடவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே கண்ணீர் வழியச் சிரித்தாள். முப்பிடாதி இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாசலில் நின்ற காவலர் எட்டிப் பார்த்துவிட்டு, காரணம் தெரியாமலேயே சிரிக்கத் தொடங்கினார்.

"மேடம், நீங்களே இப்படி..." என்றார் ஆணையர்.

ஹெப்சிபா கண்ணைத் துடைத்தார். சுவரில் இருந்த காற்றுப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எல்லா வரியும் பச்சை. தொண்டையைச் செருமி, சேலை மடிப்பைச் சரிசெய்து, தெளிவான கையெழுத்தில் எழுதினார்: 'ஊழியர் சிரித்ததற்கான காரணத்தைக் கண்டறிய இயலவில்லை. நடவடிக்கை கைவிடப்படுகிறது.' கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். பிறகு புதுத்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஆணையரைப் பார்த்தார்.

"பதிவில் எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது. அந்த வாக்கியத்தை மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்கள்."